இறுதிக்குப் பின் வந்த அரையிறுதி: 1939 சோவியத் கோப்பை

1939ஆம் ஆண்டு சோவியத் கால்பந்துக் கோப்பையின் முடிவுப் பட்டியலில் இரண்டு தேதிகள் முன்பின்னாகக் கிடக்கின்றன. செப்டம்பர் 12இல் மாஸ்கோ ஸ்பார்ட்டக், லெனின்கிராடின் ஸ்தாலினெத்ஸ் ஆலை அணியை 3-1 என வென்று கோப்பையைப் பெற்றது. அதே ஸ்பார்ட்டக், திபிலிசி தினமோவுடன் அரையிறுதி ஆடியதோ செப்டம்பர் 30இல். 3-2 வெற்றி, ஸ்பார்ட்டக்கின் மூன்று கோலும் அதன் ஆட்டக்காரர் கிளாஸ்கோவ் அடித்தவை. இது அச்சுப்பிழை அல்ல. செப்டம்பர் 8இல் நடந்த முதல் அரையிறுதியை ஸ்பார்ட்டக் 1-0 என வென்றிருந்தது. அந்த ஒரு கோலில் பந்து கோட்டைத் தாண்டியதா, அதற்குள் திபிலிசியின் ஷவ்குலித்ஸே வெளியே தட்டிவிட்டாரா என்பது தகராறு. அந்த முடிவுதான் பின்னர் செல்லாததாக்கப்பட்டது.

இதற்கு நிலைபெற்றுவிட்ட விளக்கம் ஸ்பார்ட்டக்கின் நிறுவனர் நிக்கோலாய் ஸ்தரோஸ்தினுடையது. 1989இல் வெளிவந்த நினைவுக்குறிப்பில், எல்லாம் லவ்ரெந்தி பெரியாவின் வன்மம் என்கிறார் அவர். பெரியா ஜார்ஜியர், உள்துறையின் தலைவர், தினமோ சங்கத்தின் புரவலர். இளமையில் அவரே கால்பந்து ஆடியவர். பொருத்தமான வில்லன்தான். ஆனால் இந்த நூல் நிகழ்ச்சிக்கு ஐம்பது ஆண்டு கழித்து, 1942 கைதையும் பத்தாண்டுத் தண்டனையையும் தாண்டி வந்தவர் எழுதியது. கைதிலிருந்து பின்னோக்கிப் பார்க்கும்போது 1939இன் ஒவ்வொரு தகராறும் அதன் முன்னறிவிப்பாகவே தெரியும். வன்மம் மட்டுமே காரணமென்றால் கோப்பையையே பறித்திருக்கலாமே? மறு ஆட்டத்தோடு நின்றது ஏன்? தன்னைக் கைதுசெய்யும் ஆணையில் அன்றைய அரசுத் தலைவர் மொலோட்டோவ் 1942க்கு முன்பு கையெழுத்திட மறுத்ததாக ஸ்தரோஸ்தினே சொல்கிறார். அது பெரியாவின் எண்ணத்துக்குச் சான்றாகலாம். அவர் விரும்பியதெல்லாம் ஆணையாகிவிடவில்லை என்பதற்கும் அதுவே சான்று.

இவ்வளவு பெரிய முடிவை மேலிடமன்றி வேறு யார் மாற்றியிருக்க முடியும் என்று கேட்கலாம். ஒப்புக்கொள்கிறேன், கை பெரியாவினுடையதாகவே இருக்கட்டும். என் கேள்வி அந்தக் கை திறந்த கதவைப் பற்றியது: அதற்குத் தாழ்ப்பாள் ஏன் இல்லை? சோவியத் கொள்கைப்படி தொழில்முறை ஆட்டக்காரர் என்று எவரும் இல்லை, எல்லோரும் அமெச்சூர்கள். ஆலையிலோ படையிலோ கல்லூரியிலோ பெயர் பதிந்திருக்கும், ஆட்டத்துக்கான காசு வேறு கணக்கில் வரும். தொழில் என்றே ஒப்பாத இடத்தில் அதற்கென ஒப்பந்தமும் இல்லை, கழகங்கள் சேர்ந்து நடத்தும் தனி மன்றமும் இல்லை. போட்டியை நடத்திய விளையாட்டுக் குழு அரசின் இன்னோர் அலுவலகம். நடுவரின் விசில், கீழதிகாரி எழுதிய குறிப்பைப் போலத்தான். மேலதிகாரி அடித்துத் திருத்தலாம். 1943இல் ஸ்தரோஸ்தின் சகோதரர்கள்மேல் வந்த தீர்ப்பிலும் பூர்ஷ்வா விளையாட்டு முறைகளைப் புகுத்தினார்கள் என்ற பழி இடம்பெற்றது. அமெச்சூர் என்ற அந்தப் பொய்த்திரை ஆட்டக்காரரைக் காக்கவில்லை, ஆட்ட முடிவையும் காக்கவில்லை.

என் இந்த வாசிப்புக்கு நேரடி ஆவணச் சான்று மெலிது. பட்டியலின் அந்த இரு வரிகள்மேல்தான் பெரும்பாலும் நிற்கிறேன். இறுதிக்கும் மறு ஆட்டத்துக்கும் இடைப்பட்ட 18 நாட்களில் எந்த நாளில் முடிவு மாறியது என்பதை அவை சொல்வதில்லை. ஒன்றை மட்டும் காட்டுகின்றன: செப்டம்பர் 30இல் திபிலிசி வென்றிருந்தால், ஒருமுறை தோற்று முடிந்துபோன ஸ்தாலினெத்ஸ் இன்னோர் இறுதிக்கு இறங்க வேண்டியிருந்திருக்கும்.