பிராட்போர்டின் கம்பளிப் பொதிகளும் அடைப்பான் நோயும்

இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரம் 1830களுக்குப் பின்னர் உள்நாட்டுக் கம்பளியோடு நில்லாமல், பெருவின் அல்பாக்கா, துருக்கியின் மொஹேர் எனப்படும் அங்கோரா ஆட்டு மயிர், பாரசீகக் கம்பளி ஆகியவற்றையும் பெருமளவில் இறக்குமதி செய்து நூற்கத் தொடங்கியது. இப்பொதிகளை ஆலையில் முதலில் பிரித்தவர்கள் தரம்பிரிப்போர். ஒவ்வொரு ஆட்டின் மயிரையும் பலகைமேல் விரித்து, கையாலும் கண்ணாலும் அதன் மென்மையையும் நீளத்தையும் மதிப்பிட்டு வகைப்படுத்துவது இவர்களது பணி. ஆலைத் தொழிலாளருள் தேர்ச்சியும் மதிப்பும் மிக்கவர்களாக இருந்த இவர்களையே, காலையில் வேலைக்கு வந்தவர் சில நாள்களுக்குள் மூச்சுத் திணறி இறக்கும்படி செய்த ஒரு நோய் தொடர்ந்து தாக்கியது. நகரத்தார் அதனைத் 'தரம்பிரிப்போர் நோய்' என்று அழைத்தனர்; ஆனால் மருத்துவச் சான்றுகள் பலவற்றில் அது நிமோனியா என்றோ வேறு நுரையீரல் கோளாறு என்றோ பதிவாயிற்று. இவ்வாறு பதிவானவரை அம்மரணங்களுக்கு ஆலை உரிமையாளர் எவரும் பொறுப்பேற்க வேண்டிய நிலை எழவில்லை.

கால்நடைகளைக் கொல்லும் அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ், எவ்வாறு பரவுகிறது என்பதை 1876இல் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் விளக்கியிருந்தார். அந்நோயின் பாக்டீரியா சூழல் பாதகமாகும்போது தடித்த உறை கொண்ட வித்தாக, அதாவது ஸ்போராக, மாறிப் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, பின்னர் உடலுக்குள் புகுந்ததும் மீண்டும் உயிர்பெறும் என்பது அவரது கண்டுபிடிப்பின் சாரம். பிராட்போர்டு மருத்துவர் ஜான் ஹென்றி பெல், இறந்த தரம்பிரிப்பாளர்களின் இரத்தத்தைச் சோதனை விலங்குகளுக்குச் செலுத்தி, அவை அதே நோயால் மடிந்ததைக் காட்டியதன்மூலம், நகரத்து நோயும் அடைப்பானும் ஒன்றே என்று 1880 வாக்கில் நிறுவினார். அதோடு அமையாமல், இறப்புக்கு ஆலையின் கவனக்குறைவே காரணம் என்று இறப்புச் சான்றிதழிலேயே எழுதிக் கொரோனர் எனப்படும் மரண விசாரணை அதிகாரியின் தலையீட்டை அவர் வரவழைத்தார். ஆய்வுக்கூட முடிவைக் காட்டிலும் இச்சான்றிதழே ஆலை உரிமையாளர்களை அதிகம் அசைத்தது என்று கருத இடமுண்டு. கிருமியைப் பற்றிய கட்டுரையை அலட்சியம் செய்யலாம், விசாரணை மன்றத்தை அவ்வாறு செய்ய இயலாது.

அவ்விசாரணையின் விளைவாக உருவாகி, 1884இல் உரிமையாளர்கள் தாமாக ஏற்ற விதிகள் 1897இல் சட்ட வலிமை பெற்றன. ஐயத்திற்குரிய வகைகளை உலர்ந்த நிலையில் பிரிக்காமல் நீரில் ஊறவைத்த பின்னரே கையாள வேண்டும் என்றும், தரம்பிரிக்கும் பலகை கம்பி வலையால் ஆகி, எழும் தூசியைக் காற்றாடி கீழ்நோக்கி இழுக்க வேண்டும் என்றும், சேரும் தூசியை எரித்துவிட வேண்டும் என்றும், அவ்வறைகளில் உணவு உண்ணலாகாது என்றும் அவை பணித்தன. இவற்றுள் காற்றாடி உரிமையாளர் கடன், உணவை வெளியே உண்பது தொழிலாளி கடன். பொறுப்பு இவ்வாறு பங்கிடப்பட்டதனால்தான் விதிகள் பெரிய எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டன போலும். அவற்றின் குறை வேறிடத்தில் இருந்தது. ஆபத்தான கம்பளி எது என்பதை அவ்விதிகள் கம்பளி பிறந்த நாட்டின் பெயரால் வரையறுத்தமையால், பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து வந்த பொதி தடையின்றிப் பிரிக்கப்பட்டது. அடைப்பானை அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோயாக 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆக்கியது. 1906ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இழப்பீட்டையும் வழங்கியது. எனினும் மரணங்கள் முற்றாக ஓயவில்லை.

ஓயாததன் காரணத்தைக் கண்டறிந்தவர், 1905இல் அமைந்த அடைப்பான் ஆய்வுக் குழுவின் பாக்டீரியா வல்லுநர் பிரெடெரிக் வில்லியம் யூரிச். ஜெர்மனியில் பிறந்து பிராட்போர்டில் வளர்ந்த அவர், தமக்கே நோய் தொற்றும் வாய்ப்பு இருந்தும், 14,000க்கும் மேற்பட்ட கம்பளி மாதிரிகளைப் பல ஆண்டுகள் சோதித்தார். நோயுற்று இறந்த விலங்கின் இரத்தம் மயிரோடு உறைந்து கிடக்கும் இடங்களிலேயே வித்துகள் செறிந்திருப்பதையும், காய்ந்த அவ்விரத்தக் கட்டி வித்துகளுக்குக் காப்பாக அமைந்து கிருமிநாசினியை உள்ளே விடாததையும் அவர் காட்டினார். வெறும் நீரில் ஊறவைத்தல் என்னும் பழைய விதியின் அடிப்படையே இதனால் ஆட்டம் கண்டது. முதலில் வெதுவெதுப்பான சோப்பு நீரிலும் காரக் கரைசலிலும் அலசி இரத்தத்தைக் கரைத்து, அதன்பின் ஃபார்மால்டிஹைடு கரைசலில் நனைத்து உலர்த்தினால் வித்துகள் மடியும், மயிரும் கெடாது என்னும் முறையை யூரிச்சும் தொழிற்சாலை ஆய்வாளர் டக்கரிங்கும் உருவாக்கினர்.

இம்முறையை ஒவ்வோர் ஆலையும் தன் செலவில் செய்வது நடவாத காரியம். செய்கிற ஆலையின் அடக்கவிலை ஏறும், செய்யாத ஆலை சந்தையைப் பிடிக்கும். மேலும் பொதி ஆலைக்கு வந்து பிரிக்கப்படும் கணத்திலேயே ஆபத்து தொடங்கிவிடுகிறது. எனவே 1919ஆம் ஆண்டு அடைப்பான் தடுப்புச் சட்டம் பொறுப்பை ஆலையிலிருந்து துறைமுகத்துக்கு நகர்த்தியது. 1921இல் லிவர்பூலில் அரசின் கம்பளித் தூய்மிப்பு நிலையம் செயல்படத் தொடங்கியது. கட்டாயத் தூய்மிப்புக்கு உட்பட்ட பொருள்களுள் இந்தியாவிலிருந்து சென்ற ஆட்டு மயிரும் அடங்கியிருந்தது.

அதே 1919இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, கம்பளியை ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே தூய்மிக்க வேண்டும், அது இயலாவிடில் இறக்குமதித் துறைமுகத்தில் தூய்மிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பொதி கட்டுபவரும் கப்பலில் ஏற்றுபவரும் தொழிலாளரே என்பதை நோக்கும்போது, முதல் வழியே நேர்மையானது; லிவர்பூல் நிலையமோ இரண்டாம் வழியைச் சார்ந்தது. பொதிக்கும் முந்தைய நிலையாகிய மந்தையில் நோயைத் தடுக்க லூயி பாஸ்டர் 1881இல் பிரான்சின் பூயி-லெ-ஃபோர் சிற்றூரில் ஆடுகளுக்குத் தடுப்பூசி இட்டுக் காட்டியிருந்தும், பாதுகாப்பும் நிலைப்பும் கூடிய மருந்து 1930களில் தென்னாப்பிரிக்காவில் மேக்ஸ் ஸ்டெர்ன் உருவாக்கிய வகையோடுதான் பரவலாகக் கைக்கு வந்தது. இந்தியாவில் மந்தைகளுக்கான அடைப்பான் தடுப்பூசியைத் தயாரிக்கும் நிறுவனங்களுள் ஒன்று, 1932இல் தொடங்கப்பெற்ற இராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் ஆகும்.