மொழி அறியாத இயக்குநர்

தீர்த்தமலை அடிவாரத்து மக்களாகிய எமக்குச் சேலம் அந்நிய ஊரன்று. 1965ஆம் ஆண்டு தருமபுரி தனி மாவட்டமாகும் வரை இம்மலையும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. அச்சேலத்தில், ஏற்காடு செல்லும் சாலையில், ஒரு பழைய முகப்பு வளைவு நிற்கிறது. டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் அங்கேதான் இயங்கியது. அதைக் கடக்கும்போதெல்லாம், தமிழ் பேச அறியாமலேயே தமிழ்ப் படங்களை இயக்கிய ஓர் அமெரிக்கரின் நினைவு எழுகிறது.

அவர் பெயர் எல்லிஸ் ஆர். டங்கன். 1909இல் ஒஹையோ மாநிலத்தின் பார்ட்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உடன் பயின்ற மாணிக் லால் டாண்டனின் அழைப்பை ஏற்று 1935இல் இந்தியா வந்தார். சில மாதங்கள் தங்க எண்ணி வந்தவர், ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இங்கேயே பணிபுரிந்தார்.

1936இல் வெளிவந்த 'சதி லீலாவதி' அவரது முதல் தமிழ்ப் படம். எஸ்.எஸ். வாசனின் கதையைத் தழுவிய அப்படத்திலேதான் எம்.ஜி.ஆர். சிறு வேடத்தில் திரையுலகில் அடியெடுத்து வைத்தார்.

அந்நாளில் திரைப்படம் என்பது பெரும்பாலும் நாடக மேடையின் நகலாகவே இருந்தது. கேமரா ஓரிடத்தில் நிற்கும். நடிகர் அதன்முன் பாடி முடிப்பார். டங்கனோ கேமராவை முகங்களின் அருகே கொண்டு சென்றார். வசனத்தின் பொருளை மொழிபெயர்ப்பாளர் வாயிலாக அறிந்த அவர், கண்களும் கைகளும் சொல்வதை உற்று நோக்கினார். மொழியறியாமை ஒரு குறைதான். ஆயினும் அக்குறையே அவரது பார்வையைக் கூர்மையாக்கிற்று எனலாம். 1945இல் வெளியான 'மீரா'வுக்காக, எம்.எஸ். சுப்புலட்சுமியின் தலைச் சிலையொன்றைச் செய்வித்து, எக்கோணத்தில் ஒளி விழுந்தால் முகம் எவ்வாறு பொலியும் என ஆராய்ந்தாராம்.

புகழுடன் பழியும் வந்தது. 1950இல் வெளியான 'பொன்முடி'யின் காதல் காட்சிகள் நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதவை எனக் கண்டனம் எழுந்தது. குடும்பத்துடன் படம் பார்க்கச் சென்றோரின் கூச்சத்தை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஒரு சமுதாயத்தின் நாணம் எங்கே தொடங்குகிறது என்பதை மொழிபெயர்ப்பாளர் சொல்லித் தந்துவிட முடியுமா?

எனினும், அதே ஆண்டில் வெளிவந்த 'மந்திரி குமாரி' மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. முழுமையாக நம் கைக்குக் கிட்டாத குண்டலகேசிக் காப்பியத்தின் கதையைத் தழுவி மு. கருணாநிதி வசனம் எழுதினார். தன்னை மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்ல அழைத்துவந்த கணவனை மனைவியே தள்ளி வீழ்த்தும் அக்காட்சி இன்றும் பேசப்படுகிறது. படம் முடியுமுன்னரே டங்கன் தாயகம் திரும்ப, எஞ்சிய பகுதியைச் சுந்தரம் நிறைவு செய்தார்.

பின்னாளில் சென்னைக்கு வந்த அவரைத் திரையுலகினர் பாராட்டி மகிழ்ந்தனர். 2001இல் அவர் அமெரிக்காவில் மறைந்தார்.

அயலவர் ஒருவரின் உழைப்பை முற்றும் போற்றுவதும் முற்றும் தூற்றுவதும் எளிது. கொள்ளத் தக்கதைக் கொண்டு, தள்ளத் தக்கதைத் தள்ளி, உழைத்தவரின் பெயரை மட்டும் மறவாதிருப்பதே நேர்மை. படப்பிடிப்புக் கூடம் போயிற்று, வளைவு நிற்கிறது. அதன் வழியே சென்றவர்களின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.