கணினி ஓடுது, திரையில் படம் வரல: பாகம் மாற்றிய பிறகு எங்கே தேடுவது?

சனிக்கிழமை சாயங்காலம் புது கிராபிக்ஸ் கார்டு மாட்டியாச்சு. சுவிட்சைப் போட்டால் விசிறி சுத்துது, விளக்கு எரியுது. திரையில் மட்டும் ‘நோ சிக்னல்’. திங்கட்கிழமை அனுப்ப வேண்டிய அசைன்மென்ட் அந்தப் பெட்டிக்குள்ளே மாட்டிக்கிட்டு இருக்கு. ஸ்கூடாயிலோ ஜோகூர் பாருவிலோ சொந்தமாகக் கணினி கட்டிப் பார்க்கும் இளைஞர்களுக்கு இது புதுக் காட்சி இல்லை.

படம் வரவில்லை என்பதற்காகக் கோப்புகள் அழிந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. அவை எஸ்எஸ்டியில் அப்படியே இருக்கும். அதனால் முதலில் பதற்றத்தைக் குறைங்க. கோளாறு, பெரும்பாலும் நீங்கள் கடைசியாகக் கை வைத்த இடத்தில்தான் இருக்கும்.

உள்ளே தொடுவதற்கு முன் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவுங்கள். பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீங்க. பிளக்கை உருவிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

அதிகம் நடக்கும் தவறு கேட்டால் சிரிப்பு வரும்: கேபிளை மாற்றிச் செருகுவது. கிராபிக்ஸ் கார்டு போட்ட பிறகு எச்டிஎம்ஐ வயர் அந்தக் கார்டில்தான் போக வேண்டும், மதர்போர்டில் அல்ல. இன்டெல் சிப் பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் (உதாரணம் ஐ5-12400எஃப்) அதில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதியே கிடையாது. ரைசன் 5600, 5600எக்ஸ் சிப்களும் அப்படித்தான். அந்தக் கணினிகளில் மதர்போர்டு துளையில் செருகி விடிய விடியக் காத்திருந்தாலும் எதுவும் வராது. கார்டுக்குத் தனி பவர் வயர் போயிருக்கா, மானிட்டரில் சரியான இன்புட் தேர்வாகியிருக்கா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ரேம். கார்டை அழுத்தி மாட்டும்போது பக்கத்திலிருக்கும் ரேம் லேசாக நகர்ந்திருக்கலாம். கழற்றி, ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை மறுபடி அழுத்துங்கள். ஒரே ஒரு குச்சியோடு ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. டிடிஆர்5 ரேமைப் புதிதாகப் போட்டிருந்தால், மதர்போர்டு முதல் தடவை அதைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அந்த நேரம் திரை கறுப்பாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாமல் நடுவிலேயே அணைத்துவிட்டு, ‘போர்டு செத்துப்போச்சு’ என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய.

பல மதர்போர்டுகளின் ஓரத்தில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தேட வேண்டும். புது சிப் போட்ட பிறகு சிபியு விளக்கு நின்றால் பயோஸ் பழசாக இருக்கலாம். 2018இல் வந்த பி450 போர்டு, 2020இல் வந்த ரைசன் 5000 சிப்பை பயோஸ் அப்டேட் இல்லாமல் அடையாளம் காணாது.

இதுவும் பலிக்கவில்லை என்றால், போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி பயோஸ் அமைப்பை அழிக்கச் சொல்வார்கள். நல்ல வழிதான், ஆனால் இதில் ஒரு பொறி இருக்கு. விண்டோஸ் 11 பல கணினிகளில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டி வைத்திருக்கும். பயோஸ் அமைப்போ சிப்போ மாறினால், படம் வந்த பிறகு 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீயைக் கேட்கலாம். அது இல்லையென்றால் உங்கள் அசைன்மென்ட் கண்ணெதிரே இருந்தும் கைக்கு எட்டாது. பெரும்பாலும் அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பேட்டரியைத் தொடும் முன் கைப்பேசியில் உள்ளே நுழைந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படம் வந்து, எழுத்து மட்டும் பெரிதாக, மங்கலாகத் தெரிந்தால் சந்தோஷப்படுங்க. டிரைவர் இல்லை, அவ்வளவுதான். கார்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிப் போட்டால் சரியாகிவிடும்.

கடைக்குப் போகும் நிலை வந்தால், பாகத்தை எங்கே வாங்கினீர்கள் என்பது முக்கியம். பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரில் வாங்கியதற்கு, உத்தரவாதத்துக்கும் அங்கேயே போக வேண்டியிருக்கலாம். மலேசியக் கடையில் வாங்கியது என்றால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். கடைக்காரர் கை விரித்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கணினியை ஒப்படைக்கும் முன் எஸ்எஸ்டியைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். படம் வருதா இல்லையா என்று சோதிக்க அது தேவையில்லை. பயோஸ் திரை அது இல்லாமலே வரும். ஒரு யுஎஸ்பி உறையில் அதைப் போட்டு நண்பரின் லேப்டாப்பில் செருகினால், ரெக்கவரி கீ கையில் இருக்கும்வரை, திங்கட்கிழமை வேலையை ஞாயிற்றுக்கிழமையே அனுப்பிவிடலாம்.