திருக்கேதாரமும் காளத்தியும்

இமயத்தில், மந்தாகினி நதியின் தலைப்பக்கத்தே, ஏறக்குறைய 11,700 அடி உயரத்தில் உள்ளது திருக்கேதாரம். பனி மிகும் ஆறு திங்கள் திருக்கதவம் அடைக்கப்படும். அக்காலத்து உற்சவமூர்த்திக்கு வழிபாடு ஊக்கிமடத்தில் நிகழும்.

இத்தலத்துக்குச் சம்பந்தர் பதிகமும் சுந்தரர் பதிகமும் உள. ஆகவே இருவரும் அங்கே சென்றனர் எனக் கருதுவாரும் உளர். பெரியபுராணம் அவ்வாறு கூறவில்லை. இருவரும் திருக்காளத்தியில் இருந்தபடியே கேதாரத்தைப் பாடினர் என்பது சேக்கிழார் வாக்கு. நாவுக்கரசர் ஒருவரே முதுமையில் வடதிசை நோக்கிக் கயிலைக்கு நடந்தவர். கால் தேய்ந்தபின் கையால் ஊர்ந்தார், மார்பால் தவழ்ந்தார், உடம்பால் புரண்டார். அவரையும் இறைவன் மீள்வித்து, திருவையாற்றிலேயே கயிலைக் காட்சி நல்கினான். சென்று காணாமற் பாடியதைச் சேக்கிழார் ஒரு குறையாக எண்ணினாரல்லர். மலையேறினாலன்றிப் பேறில்லை என்போர் இதனை நோக்குதல் தகும்.

2013 ஆம் ஆண்டு சூன் 16, 17 ஆம் நாட்களில் பெருமழை பொழிந்தது. கோயிலுக்கு மேலிருந்த சோராபாரி ஏரி உடைந்தது. பின்புறம் வந்து தங்கிய பெரும்பாறை ஒன்று வெள்ளத்தைப் பிளக்கக் கோயில் நின்றது. அவ்வற்புதத்தையே பலர் பேசுவர். அப்பள்ளத்தாக்குகளில் மாண்ட ஆயிரக்கணக்கானோரைப் பேசுவார் சிலரே. அவருள் அடியாரும் உளர், அவர்க்குச் சுமை தூக்கிப் பிழைத்தோரும் உளர். இராம்பாரா என்னும் தங்குமிடம் முற்றாக அழிந்தது. அதன்பின் நடைவழி ஆற்றின் மறுகரையிற் புதிதாக அமைக்கப்பட்டது. முன்னையினும் அது நெடிது.