பிள்ளையின் கையில் காசு

காஞ்சிபுரத்துக் கோர்வைப் பட்டுச் சேலையை ஒருவர் தனித்து நெய்தல் அரிது. உடலுக்கு ஒரு நிறமும் கரைகளுக்கு வேறு நிறமுமாக ஊடை மூன்று நாடாக்களில் ஓடும். நெசவாளர் அருகமர்ந்து ஒரு பக்கத்துக் கரைநாடாவைத் தள்ளித் தர மற்றொருவர் வேண்டும். அவ்விடத்தில் நெடுங்காலம் சிறுவர் சிறுமியர் அமர்ந்திருந்தனர். அவருள் நெசவாளரின் மக்களும் உண்டு. கூலிக்கு வந்தோரும் உண்டு. கூலிப் பிள்ளைகள் பலருடைய பெற்றோர் தறி உரிமையாளரிடம் முன்பணம் பெற்றிருந்தனர். அதைத் திருப்பித் தரும்வரை பிள்ளை தறியை விட்டு அகல இயலாது. பணத்தைக் குறித்து அப்பிள்ளை கற்ற முதற்பாடம் கடன் என்பதே.

இதைத் தடுக்கச் சட்டங்கள் வந்தன. பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என 1933ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்து அதன் கடன்களையும் நீக்கிற்று. 1986ஆம் ஆண்டுச் சட்டம் நெசவில் 14 வயதுக்குட்பட்டோரை அமர்த்தலாகாது என்றது. ஆனால் குடும்பத்தார் துணையுடன் நடக்கும் தொழிலுக்கு விலக்களித்தது. காஞ்சியிலோ தறி வீட்டுக்குள்ளேயே இருந்தது. 2003ஆம் ஆண்டில் வெளியான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை, முன்பணத்தில் கட்டுண்ட பிள்ளைகளை அவ்வூரில் அப்போதும் கண்டு பதிவு செய்தது.

சட்டம் பிள்ளையை மீட்கலாம். பொருளை ஆளும் அறிவை ஊட்டுவது பெற்றோர் பொறுப்பு. இதனை நம் மார்க்க அறிஞர்கள் நுணுகி ஆராய்ந்துள்ளனர். அநாதைகளை மணப்பருவம் வரை சோதித்து, தெளிவு கண்டபின் அவர்தம் பொருளை ஒப்படைக்குமாறு திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 6ஆம் வசனம் பணிக்கிறது. அவர்கள் வளர்ந்துவிடுவரென விரைந்து அப்பொருளை உண்பதையும் விலக்குகிறது.

அச்சோதனையின் முறையை ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) தம் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ நூலில் வகுத்தார். வணிகர் மகனைக் கொடுக்கல் வாங்கலிலும், உழவர் மகனைப் பயிர்த்தொழிலிலும் அதன் ஆட்களுக்குச் செலவிடுவதிலும், கைத்தொழிலாளர் மகனை அவர் தொழிலிலும், பெண்ணை நூல் நூற்றலிலும் பஞ்சிலும் சோதிக்க வேண்டும். ஒரு முறை போதாது. இருமுறையோ அதற்கு மேலோ வேண்டும். காலம், பருவமடையுமுன். ஷாஃபிஈ மத்ஹபின் சரியான சொற்படி, பிள்ளை விலை பேசும். பேரத்தை முடிப்பவர் காப்பாளர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ, விவரமறிந்த சிறுவன் காப்பாளரின் அனுமதியுடன் செய்யும் வாணிபமே செல்லும் என்றார். முறையில் வேறுபட்டாலும், வளருமுன் பழக்குக என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோம். முன்பணத்தில் பிள்ளையின் உழைப்பு பெரியோர் கைக்குப் பணமாயிற்று. ஃபிக்ஹு நூல்கள் வகுத்த முறையில் பெரியவரின் காவலில் பிள்ளை பொருளைக் கையாண்டு தெளிவு பெறுகிறது. ஆகவே வாரந்தோறும் சிறு தொகையைப் பிள்ளையிடம் தருக. கடைக்கு உடன் சென்று விலை பேச விடுக. தவறினால் கடியாது கணக்குக் கேட்டு, மறுவாரமும் தருக. பெருநாளில் உறவினர் தரும் காசும் பிள்ளையின் உடைமையே. அதை வீட்டுச் செலவில் கரைத்துவிடாமல், பிள்ளை அறியக் கணக்கு வைத்துக் காப்பது பெற்றோரின் அமானிதம்.