பாண்டியன் காலும் நேர்க்கோட்டின் சாய்வும்

சாய்வு என்றதும் உங்களுட் பலர்க்கு ஒரு சூத்திரமே நினைவுக்கு வரும். எங்கள் நாஞ்சில் நாட்டு உழவர் அதனை வாட்டம் என்பர். வாட்டமில்லாத வாய்க்காலில் தண்ணீர் ஓடாது என்பதை எந்தப் பள்ளியும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

பரளியாற்று நீரைப் பழையாற்றில் கொண்டு சேர்ப்பது பாண்டியன் கால். பாண்டிய மன்னர் வெட்டுவித்தது என வழிவழியாகச் சொல்லுவர். பொன்மனையை அடுத்து ஆற்றில் அணையிட்டு, இடைப்பட்ட பாறையைப் பிளந்து வழிகண்டனர். 1906-இல் முடிவுற்ற பேச்சிப்பாறை அணைக்குப் பன்னூறு ஆண்டு முற்பட்ட வேலை இது. ரசமட்டமும் தொலைநோக்கியும் இல்லாத காலத்தில் அவர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாட்டைச் சற்றே எண்ணுங்கள். வாட்டம் மிகுந்தால் நீரின் வேகம் மண்கரையை அரிக்கும். அன்றியும், வீணே இழந்த ஒவ்வோர் அடி உயரத்துக்கும் மேட்டு வயல்கள் சில பாசனத்துக்கு எட்டாமற்போகும். வாட்டம் குறைந்தாலோ வண்டல் படிந்து கடைமடை காயும்.

பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் 1637-இல் வெளியிட்ட வடிவகணித நூல், கோட்டைச் சமன்பாட்டால் ஆளும் வழியைத் திறந்தது. நம்மவர் வாய்க்கால் அதற்கு வெகுகாலம் முந்தியது.

என் வகுப்பில் ஒருமுறை கற்பனையாக ஒரு கணக்குக் கொடுத்தேன். வாய்க்காலின் தலைப்பில் தரைமட்டம் 60 அடி, 2,000 அடி தூரத்தில் 58 அடி, சாய்வு யாது? ஒரு மாணவன் மேலே 58-இலிருந்து 60-ஐக் கழித்தான். கீழேயோ 0-இலிருந்து 2,000-ஐக் கழித்தான். விடை 1/1000 என்று மிகை எண்ணாக வந்தது. எண் சரி, குறி பிழை. நான் திருத்துமுன் கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"ஸார், அப்படியானால் தண்ணீர் மேட்டுக்கல்லவா ஏறும்?"

அவன் கடைமடை உழவர் வீட்டுப் பிள்ளை.

மேலே எந்தப் புள்ளியை முதலில் வைத்தோமோ, கீழேயும் அதனையே முதலில் வைத்தல் வேண்டும். அப்பொழுது −2/2000, அதாவது −1/1000. "இடையில் வேறிடத்தில் அளந்தால் மாறுமோ?" என்று அவனே வினவினான். 500 அடி தூரத்தில் மட்டம் 59.5 என்று வைத்துக் கணக்கிடச் சொன்னேன். −0.5/500, மீண்டும் −1/1000. தலைப்பை விட்டுவிட்டு, அந்த இடத்திலிருந்து கடைசி வரைக்கும் தானாகவே இன்னொருமுறை கணக்கிட்டான். −1.5/1500. அதன் பின்னரே உட்கார்ந்தான்.