கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டுத் திரையரங்கக் காட்சிகள்

கொரோனாப் பெருந்தொற்றின்போது தமிழ்நாட்டுத் திரையரங்குகள் இருமுறை முழுமையாக மூடப்பட்டன: 2020 மார்ச் 17 முதல் நவம்பர் 9 வரை ஒருமுறை, 2021 ஏப்ரல் 26 முதல் ஆகஸ்ட் 22 வரை மறுமுறை. வருமானம் அடியோடு நின்றது அந்த மாதங்களில்தான். ஆனால் காட்சி நேரங்கள் குலைந்தது, அரங்குகள் அரைகுறையாகத் திறந்திருந்த வாரங்களில்.

'கர்ணன்' இதற்குத் தெளிவான சான்று. மாரி செல்வராஜ் இயக்கிய அப்படம் 2021 ஏப்ரல் 9 அன்று வெளியானது. மறுநாளே பாதி இருக்கைகளுக்கு மட்டும் அனுமதி என்ற கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் 20 முதல் இரவு 10 மணிக்கு ஊரடங்கு. செகண்ட் ஷோ நின்றது. ஃபர்ஸ்ட் ஷோ பார்த்தவர்கள் 10 மணிக்குள் வீடு சேர வேண்டும் என்பதால் அதை முன்கூட்டியே தொடங்க வேண்டும்; அப்படித் தொடங்கினால் மேட்னிக்கும் நேரம் இடிக்கும். 25ஆம் தேதி ஞாயிறு முழு ஊரடங்கு, மறுநாள் அரங்குகளே மூடல். கூட்டம் கூடும் படம் அரங்கில் ஓடியது 16 நாள்.

காட்சி நேரத்தை மாற்றுவது அறிவிப்புப் பலகையைத் திருத்துவதோடு முடிவதில்லை. இன்றைய படங்கள் பூட்டிய கோப்புகளாக அரங்கின் சர்வருக்கு வருகின்றன. அவற்றைத் திறக்கும் கேடிஎம் என்ற மின்சாவி, குறிப்பிட்ட சர்வரில் குறிப்பிட்ட காலவரம்புக்குள் மட்டுமே வேலை செய்யும். வரம்பு தாண்டினால் புதுச் சாவி வாங்க வேண்டும். முன்பதிவு செய்தவர்களுக்குப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும்.

2021 பொங்கலுக்கு முன் குழப்பம் வேறு வடிவில் வந்தது. ஜனவரி 4 அன்று மாநில அரசு எல்லா இருக்கைகளையும் நிரப்ப அனுமதித்தது. மத்திய உள்துறை அமைச்சகம் ஆட்சேபித்ததும் 8ஆம் தேதி அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. 13ஆம் தேதி 'மாஸ்டர்' பாதி இருக்கைகளுடன் வெளியானது. ஈடாகக் கூடுதல் காட்சிகளுக்கு அனுமதி கிடைத்தது.

நோய்த்தடுப்புக்கு இக்கட்டுப்பாடுகள் தேவைப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆணைக்கும் அமலுக்கும் இடையே ஓரிரு நாளே விட்டது, சிறுநகர ஒற்றைத்திரை அரங்குகளைக் கடுமையாகத் தாக்கியது. பல திரைகள் கொண்ட வளாகம் ஒரு படத்தைச் சிறிய திரைக்கு மாற்றிச் சமாளிக்கலாம். ஒற்றைத்திரையில் ஒரு காட்சி போனால் ஆபரேட்டர், கேன்டீன்காரர், சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் எல்லோரின் அன்றைய வரும்படியும் குறையும்.

2022 ஜனவரியில் பாதி இருக்கை, இரவு ஊரடங்கு, ஞாயிறு முழு ஊரடங்கு மூன்றும் ஒருசேரத் திரும்பின. பொங்கலுக்கு வரவிருந்த 'வலிமை' தள்ளிவைக்கப்பட்டு, பிப்ரவரி 24 அன்று வெளியானது.